புள்ளி அறியும் புரதம்

தமிழ் நெடுங்கணக்கிலே புள்ளியினுஞ் சிறியதொரு குறி இல்லை. எனினும் அதன் ஆற்றல் பெரிது. ‘க’ என்னும் எழுத்தின்மேல் ஒரு புள்ளி ஏறிய அளவிலே அதனோடு கலந்துநின்ற அகரவுயிர் ஒடுங்க, எழுத்துத் தனிமெய்யாய் நின்றுவிடுகின்றது. வரிவடிவம் மாறவில்லை, ஒலி மாறிவிட்டது. புள்ளி பெற்று நிற்றல் மெய்யின் இயல்பு என்று தொல்காப்பியனாரும் விதித்தார். ஆயினும் எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்றஞ்சி, ஏடெழுதுவோர் பெரும்பாலும் அதனை இடாமலே விட்டனர். ‘பல’ என்றிருப்பதைக் கண்டு, அது ‘பல’ என்பதோ ‘பல்’ என்பதோ எனத் துணிவது படிப்பவர் கடனாயிற்று. பழஞ்சுவடிகளை அச்சேற்றிய பெரியோர் பட்ட பாட்டில் ஒரு பகுதி இதனால் நேர்ந்ததே.

ஆகவே ஏடு செம்மையாய் இருத்தல் மட்டும் போதாது, புள்ளி வேண்டும், புள்ளி இருப்பினும் அதனை உணர்ந்து படிப்பார் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் பொருள் கெடும். வியப்பு யாதெனில், நம் உடலின் உயிரணுக்களிலும் இம்மூன்றும் உள்ளன என்பதே. அங்கும் ஓர் ஏடு உண்டு. அதன் எழுத்துக்களின்மேற் புள்ளிகள் உண்டு. அப்புள்ளிகளைத் தடவி அறியும் புரதம் ஒன்று உண்டு. அப்புரதம் பழுதுபட்டால் ஒரு பெண் குழந்தை தான் கற்ற சொற்களையெல்லாம் இழந்துவிடுகின்றாள். அப்புரதத்தை இக்காலத்தார் பாக்டீரியா என்னும் நுண்ணுயிரினுள்ளே விளைவித்துக் கண்ணாடிக் குழாயில் ஏந்தி ஆராய்கின்றனர். அது யாது, அதனை ஆக்குவது எங்ஙனம், ஆக்குவதாற் பயன் என்னை என்பவற்றை முறையே கூறுவாம்.

உட்கருவின் சுவடி

மனித உயிரணுக்களுட் பெரும்பாலானவற்றினுள் உட்கரு என்னும் சிற்றறை உள்ளது. அதனுள்ளே டி.என்.ஏ. என்னும் இழை இருக்கின்றது. அடினைன், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட ஏடு அது. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நாம் பெறும் இரண்டு படிகளுள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்திணைகள் உள்ளன. ஓர் உயிரணுவின் இழையை நீட்டி அளந்தால் ஏறக்குறைய 2 மீட்டர் இருக்கும். அதனை அடக்கி வைத்திருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கிலும் சிறியது.

இவ்வளவு நீண்டதனை அவ்வளவு சிறிய இடத்தில் வைப்பதெங்ஙனம்? நூல் நூற்பவர் நூலைக் கண்டிற் சுற்றுவதுபோலவே என்க. ஹிஸ்டோன் எனப்படும் புரதங்கள் எட்டுக் கூடி ஓர் உருளையாகின்றன. அவ்வுருளைமேல் டி.என்.ஏ. இழை 147 எழுத்திணை நீளம், இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்கின்றது. இதற்கு நியூக்ளியோசோம் என்று பெயர். இத்தகைய உருளைகள் மணிமாலையிற் கோத்த மணிகளைப்போல அடுத்தடுத்து நிற்கின்றன. இழையும் உருளையும் அவற்றைச் சார்ந்த பிற புரதங்களும் கூடிய தொகுதியே குரோமாட்டின். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் வால்தர் பிளெம்மிங் சாயமேற்றி நோக்கியபொழுது இப்பகுதி நன்றாய் நிறம்பற்றிக்கொண்டது. அதனால் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது.

சுற்றிக் கட்டிய சுவடியை அவிழ்த்தாலன்றிப் படித்தல் இயலாது. குரோமாட்டினும் அத்தகையதே. நெகிழ்ந்து கிடக்கும் இடத்திலுள்ள மரபணுக்கள் எளிதிற் படிக்கப்படும். இறுகிக் கிடக்கும் இடத்தில் உள்ளவை வாய்மூடிக் கிடக்கும். கண்ணின் உயிரணுவிலும் ஈரலின் உயிரணுவிலும் ஒரே ஏடு இருந்தும், அவை வேறு வேறு தொழில் புரிவது இதனாலேயே. எந்தப் பக்கத்தை அவிழ்ப்பது, எந்தப் பக்கத்தைக் கட்டிவைப்பது என்பதனை நடத்துவன குரோமாட்டினைப் பற்றி நிற்கும் புரதங்கள். அவற்றுள் ஒன்றே நாம் இங்கு எடுத்துக்கொண்டது.

புள்ளியும் அதனை அறிவதும்

டி.என்.ஏ. ஏட்டிலே சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்கள் ஒரு படியில் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் உள்ளன. அவ்விடத்துச் சைட்டோசின்மேல் ஒரு கரியணுவும் மூன்று நீரகவணுக்களும் கூடிய மெதில் என்னும் சிறு கூட்டம் ஏறியிருப்பதுண்டு. இத்தகைய இடங்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை மெதில் ஏறியனவாகவே இருக்கும். எழுத்து மாறுவதில்லை, சைட்டோசின் சைட்டோசினாகவே நிற்கின்றது. ஆனால் அதன் ஒலி பெரும்பாலும் அடங்குகின்றது. மெய்யின்மேல் ஏறிய புள்ளி உயிரை அடக்குவதற்கு இதனினும் நெருங்கிய உவமை கிடைத்தல் அரிது.

இப்புள்ளியை உணர்ந்து பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்றனை ஏட்ரியன் பேர்டு என்னும் ஆங்கில நாட்டு அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மெதில் ஏறிய சைட்டோசின் குவானின் இணையைப் பிணைக்கும் புரதங்களுள் இரண்டாவதாகக் கண்டதாகலின், அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டி மெக்பி-2 என வழங்குகின்றனர். மனிதரிடத்துள்ள இப்புரதத்தின் ஒரு வடிவம் 486 அமினோ அமிலங்களாலும் மற்றொரு வடிவம் 498 அமினோ அமிலங்களாலும் ஆனது. இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமின் நுனியருகே உள்ளது.

இதன் உறுப்புக்களுள் இரண்டு தலையாயவை. ஒன்று, மெதில் ஏறிய டி.என்.ஏ.யைப் பற்றும் கை. ஏறத்தாழ 80ஆம் அமினோ அமிலம் முதல் 160ஆவது வரை உள்ள பகுதி அது. மற்றொன்று, மரபணுவை அடக்கும் வேறொரு புரதக் கூட்டத்தை அழைத்துப் பிடிக்கும் கை. 306ஆம் அமினோ அமிலத்தை ஒட்டியுள்ள சிறு பகுதி அது. ஒரு கை ஏட்டைப் பற்றும். மறு கை அடக்குவோரைப் பற்றும். இரண்டையும் இணைக்கும் பாலமே மெக்பி-2. இவ்விரு பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனைய பகுதியில் பெரும்பங்கை அகற்றி, மூன்றில் ஒரு பங்கே எஞ்சிய குறும்புரதத்தை எலிகளுக்கு அளித்தபோதும் அவை பெரும்பாலும் நலமாய் வாழ்ந்தன என 2017ஆம் ஆண்டில் பேர்டின் ஆய்வுக்கூடத்தார் காட்டினர்.

உவமைக்கு ஓர் எல்லை உண்டு. அதனையும் சொல்லிவிடுதல் முறை. மெக்பி-2 எந்த மரபணுவையும் அறவே ஊமையாக்குவதன்று. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் குரலைச் சிறிது சிறிது தணித்து நிறுத்துவது அது. வீணையின் ஒரு தந்தியை அறுப்பதன்று, எல்லாத் தந்திகளையும் அளவோடு நிறுத்துவது போன்ற தொழில் என்னலாம். நரம்பணுக்களில் இது மிகுதி. முதிர்ந்த எலியின் மூளையில் ஒரு நரம்பணுவின் உட்கருவில் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் மெக்பி-2 மூலக்கூறுகள் உள்ளன என 2010ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். அங்குள்ள நியூக்ளியோசோம்களின் தொகைக்கு ஏறக்குறைய இது நிகராகும்.

படிப்பார் இல்லாத சுவடி

வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் ஆந்திரேயாஸ் ரெட் என்பார் 1954ஆம் ஆண்டில் தம் மருத்துவச்சாலையில் காத்திருந்தோரிடையே இரண்டு பெண் குழந்தைகளைக் கண்டார். இருவரும் தத்தம் தாயின் மடியில் இருந்து, துணி துவைப்பார் பிழிவதுபோலக் கைகளை ஓயாது முறுக்கிப் பிசைந்துகொண்டிருந்தனர். முன்னே பார்த்த வேறு சில சிறுமியரும் இங்ஙனமே செய்தது அவர் நினைவுக்கு வந்தது. அவர் 1966ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் இந்நோயைப்பற்றி எழுதியும் உலகம் செவிசாய்க்கவில்லை. 1983ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் பெங்க்ட் ஹாக்பெர்க்கும் அவர் தோழர்களும் 35 சிறுமியரின் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்ட பின்னரே, ரெட் நோய் என்னும் பெயர் நிலைத்தது.

இந்நோயின் போக்கு நெஞ்சை உருக்குவது. குழந்தை நலமாய்ப் பிறக்கின்றாள். ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுவரை பிற குழந்தைகளைப்போலவே வளர்கின்றாள். சிலர் ‘அம்மா’ என்று அழைக்கவும், பொம்மையை எடுத்து விளையாடவும் கற்றுவிடுகின்றனர். அதன்பின் ஒவ்வொன்றாய்க் கற்றது மறைகின்றது. சொல் மறைகின்றது, கை தன் தொழிலை மறக்கின்றது, நடை தளர்கின்றது, மூச்சு ஒழுங்கு தவறுகின்றது, வலிப்பு வருகின்றது. ஆனால் கண்கள் மட்டும் பெற்றோரை நோக்கிப் பேசிக்கொண்டே இருக்கும். பிறக்கும் பெண் குழந்தைகளுள் ஏறத்தாழ பதினாயிரத்தில் ஒருத்திக்கு இது நேர்கின்றது.

லெபனான் நாட்டிற் பிறந்து அமெரிக்காவிலே ஹூஸ்டன் நகரில் மருத்துவம் புரிந்த ஹூடா சோக்பி என்னும் அம்மையார் இந்நோயுற்ற ஒரு சிறுமியை 1983ஆம் ஆண்டில் முதன்முதற் கண்டார். அன்று தொட்டு இதன் காரணத்தைத் தேடினார். 16 ஆண்டுகள் சென்றபின், 1999ஆம் ஆண்டில், அவரும் அவருடன் ஆராய்ந்தோரும் இந்நோய்க்குக் காரணம் மெக்பி-2 மரபணுவில் நேர்ந்த பிழையே என்று கண்டுபிடித்தனர். புள்ளி படிக்கும் புரதத்தை ஆராய்ந்தவர் வேறு. சிறுமியரின் நோயை ஆராய்ந்தவர் வேறு. இருவர் வழியும் ஒரு முச்சந்தியில் வந்து கூடின.

இங்கே இரண்டு செய்திகளை நாம் ஊன்றி நோக்கவேண்டும். முதலாவது, இப்பிழை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்குக் குறையாத வழக்குகளில் புதிதாய்த் தானே நேர்வது. தலைமுறை வழி வருவதன்று. பெரும்பாலும் தந்தையின் உயிரணுவில் ஏட்டைப் படியெடுக்குங்காற் புகுந்த எழுத்துப் பிழை அது. ஆகவே இக்குழந்தையைப் பெற்ற தாயைப் பழிப்பதற்கோ, தாய்வீட்டாரின் குலத்தைக் குறைகூறுவதற்கோ இடமே இல்லை. தந்தை செய்த குற்றமும் அன்று. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவத்தால் வந்தது என்று கேட்டபோது, நம் ஆண்டவர் அக்கேள்வியையே தள்ளிவிட்டதைத் திருமறையிற் படித்திருக்கின்றோம். அவ்வாறிருந்தும் நம் ஊர்களில் அக்கேள்வி இன்னும் கேட்கப்படுகின்றது. உயிர்நூல் தரும் விடையும் அக்கேள்வியைத் தள்ளுவதே.

இரண்டாவது, பெண் குழந்தையிடம் எக்ஸ் குரோமோசோம் இரண்டு உள்ளன. ஒவ்வோர் உயிரணுவிலும் அவற்றுள் ஒன்று உறங்கிவிடும் என்று மேரி லயன் என்னும் அம்மையார் 1961ஆம் ஆண்டில் கூறினார். எது உறங்குவது என்பது உயிரணுவுக்கு உயிரணு வேறுபடும். ஆகவே இச்சிறுமியின் மூளையில் நல்ல புரதமுடைய நரம்பணுவும், அது இல்லாத நரம்பணுவும் அடுத்தடுத்துக் கலந்து வாழ்கின்றன. ஒரே எக்ஸ் உடைய ஆண் குழந்தைக்கு இப்பிழை நேரின் நோய் பெரும்பாலும் மிகக் கொடியதாகும். புரதம் மிகுதிப்படுவதும் தீங்கே. இம்மரபணு இரட்டித்த ஆண் குழந்தைகளுக்கு வேறொரு கடும் நோய் உண்டாகின்றது. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. அளவறிதல் இன்றியமையாததாயிற்று. அளவறிய வேண்டுமாயின் அப்புரதத்தைத் தனியே பிரித்துக் கையில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

பாக்டீரியாவில் மனிதப் புரதம்

மனித மூளையினின்று வேண்டிய புரதத்தை எடுப்பது அரிது, அறத்துக்கும் ஒவ்வாது. ஆதலின் அறிஞர் வேறு வழி கண்டனர். மனிதனின் ஏடும் பாக்டீரியாவின் ஏடும் ஒரே எழுத்தால் எழுதப்பட்டவை. மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்னும் இலக்கணமும் இருவருக்கும் பொதுவே. ஆகவே மனிதன் ஏட்டின் ஒரு செய்யுளைப் பாக்டீரியாவிடம் கொடுத்தால், அது பொருளறியாவிடினும் பிழையின்றி ஓதிவிடும். 1973ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் அயல் டி.என்.ஏ.யைப் பாக்டீரியாவினுட் செலுத்திப் பெருக்கும் முறையைக் காட்டினர். 1978ஆம் ஆண்டில் மனித இன்சுலின் இவ்வாறே ஆக்கப்பட்டது; 1982ஆம் ஆண்டில் அது மருந்தாக ஒப்புக்கொள்ளப்பட்டது. இங்ஙனம் இரு வேறு டி.என்.ஏ.க்களைப் புணர்த்திப் பெறும் புரதத்தை மறுசேர்ப்புப் புரதம் என்பர்.

முதலில் மெக்பி-2 மரபணுவின் இடையே உள்ள பயனில் பகுதிகளை நீக்கிய தூய படி ஒன்று எடுக்கப்படுகின்றது. பிளாஸ்மிடு என்னும் வட்ட டி.என்.ஏ.யை வெட்டும் நொதியால் வெட்டி, அதே வகை முனைகளோடு மரபணுவையும் வெட்டி, ஒட்டும் நொதியால் இணைக்கின்றனர். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் இயைந்தாலன்றிப் புணர்ச்சி நிகழாதது போல, இங்கும் முனைகள் இயைந்தாலன்றி ஒட்டுவதில்லை. பின்னர் அப்பிளாஸ்மிடை எஸ்செரிசியா கோலி என்னும் பாக்டீரியாவினுட் புகுத்துகின்றனர். மரபணுவின் நுனியில் ஆறு ஹிஸ்டிடின் அமிலங்களுக்குரிய எழுத்துக்களையும் சேர்த்துவிடுவர். இந்த வால் எதற்கு என்பது பின்னர் விளங்கும்.

பாக்டீரியாவைச் சத்துள்ள நீரில் வளர்த்து, நீர் கலங்கித் தோன்றும் அளவு பெருகியதும், ஐ.பி.டி.ஜி. என்னும் ரசாயனப் பொருளைச் சிறிதளவு சேர்ப்பர். அதுவே ‘ஓதுக’ என்னும் ஏவல். பல சமயங்களில் வெப்பத்தை 18 டிகிரி அளவுக்குத் தாழ்த்தி இரவு முழுவதும் விடுவர். விரைந்து ஓதினால் புரதம் செவ்வனே மடியாமற் கட்டியாகிவிடும் என்னும் அச்சமே காரணம். மறுநாள் பாக்டீரியாக்களைத் திரட்டி உடைத்து, நிக்கல் பூசிய சிறு மணிகள் நிறைந்த குழாயில் அச்சாற்றை ஊற்றுவர். ஆறு ஹிஸ்டிடின் உள்ள வால் நிக்கலை இறுகப் பற்றிக்கொள்ளும். பாக்டீரியாவின் ஏனைய புரதங்கள் பெரும்பாலும் வழிந்தோடிவிடும். பின்னர் இமிடசோல் என்னும் பொருளைக் கரைத்த நீரை ஊற்றினால், அது நிக்கலைத் தான் பற்றிக்கொண்டு புரதத்தை விடுவிக்கும்.

மெக்பி-2 இயல்பிலே அடங்காத மாணவனை ஒத்தது. அதன் உடலிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி நிலையான வடிவமின்றித் துவண்டு கிடப்பது. அதனால் பாக்டீரியாவின் வெட்டும் நொதிகள் அதனை எளிதில் நறுக்கிவிடும்; துண்டுகளும் வாலோடு கூடி நிக்கலிற் பற்றிக்கொள்ளும். மேலும் அது டி.என்.ஏ.யைப் பற்றும் தொழிலுடையதாகலின், உடைந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.யையும் கட்டிப்பிடித்துக்கொண்டே வெளிவரும். ஆகவே மிக்க உப்பு நீரால் கழுவியும், டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தும், ஹெப்பாரின் என்னும் பொருள் பூசிய வேறொரு குழாயிற் செலுத்தியும் தூய்மை செய்வர். முடிவில் சிறு சிறு குப்பிகளிற் பங்கிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரிக் குளிரிற் சேமிப்பர். ஒரு குப்பியை ஒரு முறையே உருக்கிப் பயன்படுத்த வேண்டும். உறைவதும் உருகுவதுமாயிருந்தால் புரதம் கெடும்.

தேர்வும் நேர்மையும்

கையிற் கிடைத்தது நாம் விரும்பிய புரதந்தானா? முதற்கண், புரதத்தை விரித்து ஜெல் என்னும் கூழ்த் தகட்டில் மின்னோட்டத்தால் ஓடவிடுவர். சிறியது விரைந்து ஓடும், பெரியது பின்தங்கும். கணக்கின்படி மெக்பி-2இன் எடை 52 கிலோடால்டன் அளவினது. ஆயினும் தகட்டில் அது 75 கிலோடால்டன் அருகே நின்றுவிடுகின்றது. அறியாதவர் தவறான புரதம் வந்துவிட்டதென்று எறிந்துவிடக்கூடும். துவண்ட உடலும் மிக்க நேர்மின்னேற்றமும் உடையதாகலின் அது மெல்ல ஓடுகின்றது என்பதே உண்மை.

எடையொத்தாலும் தொழிலறிய வேண்டும். ஒரே டி.என்.ஏ. துண்டை இரு பங்காக்கி, ஒரு பங்கின்மேல் மட்டும் நொதியால் மெதிற்புள்ளி இடுவர். இரண்டோடும் புரதத்தைத் தனித்தனியே கலந்து, மீண்டும் ஜெல் தகட்டில் ஓடவிடுவர். புரதத்தைச் சுமந்த டி.என்.ஏ. மெல்ல நகரும், சுமக்காதது விரைந்து ஓடும். புள்ளியிட்ட டி.என்.ஏ. பின்தங்கியும் புள்ளியற்றது முன்னோடியும் நின்றால், புரதம் புள்ளியை அறிகின்றது என்பது தெளிவு. ஆனால் இங்கும் ஒரு வலை உண்டு. மெக்பி-2 நேர்மின் மிகுந்ததாகலின், உப்புக் குறைந்த நீரில் புள்ளியற்ற டி.என்.ஏ.யையும் ஓரளவு பற்றிக்கொள்ளும். ஆகவே தொடர்பில்லாத வேறு டி.என்.ஏ.யை நிறையச் சேர்த்து, அப்போட்டியிலும் அது புள்ளியையே தேடுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். இன்னும், 106ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாக டிரிப்டோஃபான் அமைந்த பிழைப் புரதத்தையும் உடன்வைத்துச் சோதிப்பர். ரெட் நோயுற்றாரிடம் காணப்படும் பிழைகளுள் அது ஒன்று. புள்ளியைப் பற்றும் ஆற்றல் அதனிடம் இராது. நல்லதும் பிழையும் ஒன்றுபோலவே நடந்துகொண்டால் தவறு சோதனையில் உள்ளது என்று உணரலாம்.

பாக்டீரியா தரும் புரதத்துக்கு இயல்பாகவே ஒரு குறையும் உண்டு. நரம்பணு தன் மெக்பி-2இன்மேல் காலத்துக்கேற்பப் பாஸ்பேட் முதலிய குறிகளை ஏற்றுகின்றது. பாக்டீரியா அங்ஙனம் செய்வதில்லை. அக்குறிகளை ஆராய விழைவோர் பூச்சியின் உயிரணுக்களிலோ மனித உயிரணுக்களிலோ புரதத்தை விளைவிப்பர். மேலும் பாக்டீரியாவின் உறைப்பொருள் சிறிது எஞ்சியிருப்பினும் மனித உடலுக்கு நஞ்சாகும். இத்தகைய குப்பிகளின்மேல் ‘ஆய்வுக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தலாகாது’ என்று பொறித்திருப்பது வெறுஞ்சடங்கன்று. துன்புறும் பெற்றோரிடம் இதனையே மருந்தென்று விற்க எவனேனும் முன்வந்தால், அவன் அறிவியலின் பெயரால் வந்த வஞ்சகன் என்றறிக.

குப்பியிலுள்ள புரதத்தாற் பயன்

மருந்தன்றெனின் இதனாற் பயன் யாது? மெக்பி-2இன் பற்றும் கையை மட்டும் பாக்டீரியாவில் ஆக்கி, அதன் வடிவத்தை 1999ஆம் ஆண்டில் கண்டனர். டி.என்.ஏ.யோடு சேர்ந்த நிலையிலே அதனைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் 2008ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். அப்போது, புரதம் மெதிற்புள்ளியை நேரே தொடுவதினும், இடையே ஒழுங்காய் நிற்கும் நீர் மூலக்கூறுகளின் வழியாகவே அதனைப் பெரிதும் உணர்கின்றது என்பது வெளிப்பட்டது. ரெட் நோயில் மிகுதியாய்க் காணும் பிழைகளுள் ஒன்றாகிய 158ஆம் இடத்துப் பிழை, அக்கையின் மடிப்பைத் தாங்கும் இடத்தையே குலைக்கின்றது என்பதும் விளங்கிற்று. இவ்வாறு ஒவ்வொரு குழந்தையின் பிழையும் புரதத்தின் எந்த மூட்டைத் தளர்த்துகின்றது என்று சொல்ல வழி பிறந்தது.

2003ஆம் ஆண்டில் தூய மனித மெக்பி-2ஐ நியூக்ளியோசோம் மாலையோடு கலந்தபோது, வேறு துணை இன்றியே அது மாலையை இறுக்கிச் சுருட்டியது. 1994ஆம் ஆண்டிலேயே, இதன் பற்றும் கையை நிக்கல் மணிகளில் ஒட்டவைத்து, அதன்வழி டி.என்.ஏ. துண்டுகளைச் செலுத்தி, புள்ளியுள்ளவற்றையும் அற்றவற்றையும் பிரித்தெடுத்தனர். நெல்லையும் பதரையும் பிரிக்கும் முறம்போல இப்புரதம் ஒரு கருவியாகவும் உதவிற்று.

மீட்சி

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய செய்திக்கு வருவோம். ரெட் நோயில் ஏடு அழிவதில்லை. ஒரு மரபணுவின் பிழை நீங்கலாக எழுத்துக்கள் அனைத்தும் உள்ளன. புள்ளிகளும் தத்தம் இடத்தில் உள்ளன. நரம்பணுக்களும் மடிந்தொழிவதில்லை, சுருங்கிக் கிடக்கின்றன. இல்லாதவன் படிப்பவன் ஒருவனே. அங்ஙனமாயின் படிப்பவனைத் திரும்ப அழைத்தால் ஏடு மீண்டும் ஓதப்படுமன்றோ? இவ்வினாவை ஏட்ரியன் பேர்டும் ஜாக்கி கை என்னும் அம்மையாரும் அவர்தம் தோழரும் எலிகளிடம் வினவினர். மெக்பி-2 மரபணுவின் நடுவே ஒரு தடையை வைத்து, ஒரு மருந்தைக் கொடுத்தால் அத்தடை தானே நீங்கும்படி எலிகளை அமைத்தனர். அவ்வெலிகள் வளர்ந்து, நோய் முற்றி, நடை தளர்ந்து, மூச்சு முட்டும் நிலையை அடைந்தன. அதன்பின் மருந்தளித்துத் தடையை நீக்கினர். பெரும்பாலான எலிகள் மீண்டும் நடந்தன, மூச்சு சீராயிற்று, இறக்க வேண்டியவை வாழ்ந்தன. 2007ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தபோது, மூளை வளர்ச்சி நோய் மீளாதது என்று பல்லாண்டு நிலவிய எண்ணம் அசைந்தது.

எலி மனிதன் அல்லன் என்பதை மறத்தலாகாது. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிரோஃபினெடைடு என்னும் மருந்து ரெட் நோய்க்கென ஒப்புக்கொள்ளப்பட்டது. அது சில துன்பங்களைத் தணிப்பதேயன்றி வேரைக் களைவதன்று. அதே ஆண்டில் நல்ல மரபணுவைத் தீங்கற்ற வைரஸின் வழியே நோயாளரிடம் செலுத்திப் பார்க்கும் சோதனைகளும் தொடங்கின. மிகுந்தாலும் கேடு என்று மேலே கூறிய அளவுச் சிக்கல் அங்கே முன்நிற்கின்றது. நோயுற்ற அணுவுக்கு நிறையவும், பக்கத்திலேயே நலமாயிருக்கும் அணுவுக்கு மிகாமலும் கொடுத்தல் எளிதன்று. எவ்வளவு புரதம் போதும், எந்தப் பகுதி இன்றியமையாதது, எந்தப் பிழை எவ்வளவு ஆற்றலைக் குறைக்கின்றது என்பவற்றுக்கு விடை காண்பதில், குளிர்ப்பெட்டியில் உறங்கும் அச்சிறு குப்பிகளுக்கும் பெரும்பங்குண்டு.

மனித மரபணுவைப் பாக்டீரியாவில் வைப்பது படைப்பின் ஒழுங்கை மீறுவதாகாதோ என்று ஐயுறுவார் சிலர் உளர். அவர் ஐயம் எள்ளத்தக்கதன்று. ஆயினும் ஒரு செய்யுளை மட்டும் படியெடுத்து ஓதுவித்ததனால் பாக்டீரியா மனிதனாவதில்லை. திருமறையின் ஒரு வசனத்தைக் கிளி சொன்னால் அது கிறிஸ்தவனாவதில்லை அன்றோ? மனிதனும் கண்ணுக்குத் தோன்றா நுண்ணுயிரும் ஒரே எழுத்தால் எழுதப்பட்டிருத்தல், எழுதிய கை ஒன்றே என்பார்க்கு வியப்பாகாது. ஆற்றல் பெற்றார்க்குக் கேட்கத்தக்க வினா, அதனை எதற்குப் பயன்படுத்துகின்றோம் என்பதே. நூறு ஆடுகளுள் தொண்ணூற்றொன்பதை விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனை நாம் போற்றுகின்றோம். பதினாயிரத்தில் ஒருத்திக்காக ஆண்டுக்கணக்கில் தேடுவோரின் உழைப்பும் அவ்வினத்ததே.

புள்ளி சிறிதென்று விடுவார் பாடத்தை இழப்பர். இலக்கணம் நமக்குக் கற்பிக்கும் இப்பாடத்தை உயிர்நூலும் தன் வழியிற் கற்பிக்கின்றது. நம்மிடையே ரெட் நோயுற்ற ஒரு சிறுமியைக் காண நேர்ந்தால், வாய் பேசாமையால் அறிவில்லாதவள் என்று எண்ணாதிருப்போமாக. அவள் ஏட்டில் எழுத்து அழியவில்லை. படிப்பார் வரும் நாளை அது எதிர்நோக்கியிருக்கின்றது.